சீனி கூடினால் சிறுநீரகச் செல்லுக்குள் நடப்பது என்ன?

திருநெல்வேலி மாவட்டம் வீரவநல்லூர்ப் பக்கம் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் நெல் பயிரிடும் என் தாய்மாமாவுக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. இந்தப் பிசானப் பருவத்து நெல் நடவு முடிந்த கையோடு எடுத்த பரிசோதனையில், ஆல்புமின் என்னும் புரதம் அவருடைய சிறுநீரில் அளவுக்கு மேல் வெளியேறுவது தெரிந்தது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் சரியான அளவிலேயே இருந்தது. காலில் வீக்கம் இல்லை. சிறுநீர் போவதில் எந்தத் தொல்லையும் இல்லை. அறிக்கையை என்னிடம் நீட்டியவர், "சீனி ரத்தத்துலதான மருமவனே கெடக்கு? அது கிட்னிய எப்படி அரிக்கும்?" என்று கேட்டார். கல்லூரியில் உயிர்வேதியியல் கற்பிக்கும் நான் அன்று சொன்ன விடை எனக்கே நிறைவாக இல்லை. அவர் கேட்டது மிகச் சரியான கேள்வி. அதற்கு முறையாக விடை சொல்ல வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

"அரிக்கும்" என்ற சொல்லிலிருந்தே தொடங்கலாம். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று இரும்பை அரிப்பது போலச் சீனி சிறுநீரகத்தை அரித்துவிடுகிறது என்று பலரும் எண்ணுகிறார்கள். வெறும் வயிற்றில் ஒரு டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராம் சர்க்கரை உள்ள ஒருவரின் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் ரத்தம் இருப்பதாகக் கொண்டால், அந்த ரத்தம் முழுவதிலும் கரைந்திருக்கும் சர்க்கரை 5 கிராம்தான். அதாவது ஒரு தேக்கரண்டி. அளவு 200 ஆனால் இரண்டு தேக்கரண்டி. கூடுதலாக வந்த அந்த ஒரு தேக்கரண்டி, ஆண்டுக்கணக்கில் புரதங்களின் மேல் ஒட்டிக்கொண்டு அவற்றைச் சிறிது சிறிதாகக் கெடுப்பது உண்மை. ஆயினும் பெரிய சேதம் வேறு இடத்தில் நடக்கிறது: அந்தச் சர்க்கரையை எதிர்கொள்ளும் செல், தன்னிடம் ஏற்கெனவே உள்ள கருவிகளைக் கொண்டே தனக்குக் கேடு செய்துகொள்கிறது. அத்தகைய கருவிகளில் இரண்டைப் பற்றியது இக்கட்டுரை. ஒன்று, செல் எரிபொருளை எரிக்கும்போது பிறக்கும் ஆக்சிஜனேற்ற மூலக்கூறுகள். மற்றொன்று, செல் தனக்குள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் கால்சியம். இரண்டும் உயிர் வாழ்வதற்கு இன்றியமையாதவை. இரண்டில் எது நிலைகுலைந்தாலும் அது மற்றதையும் சேர்த்தே இழுக்கிறது என்பதில்தான் இந்த நோயின் பிடிவாதம் இருப்பதாக நான் கருதுகிறேன்.

பத்தமடைப் பாயைப் போன்ற ஒரு வடிகட்டி

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் நெஃப்ரான் எனப்படும் வடிப்பு அலகுகள் ஏறத்தாழ 10 லட்சம் இருக்கின்றன. ஒவ்வொன்றின் தலைப்பிலும் குளோமருலஸ் என்னும் மிகச் சிறிய ரத்தக்குழாய்ப் பந்து உண்டு. இதயம் இறைக்கும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு, ஓய்வாக இருக்கும்போதும், இந்த இரண்டு சிறு உறுப்புகளுக்குத்தான் செல்கிறது. இந்தப் பந்துகளின் வழியாக ஒரு நாளில் வடியும் நீர் ஏறத்தாழ 180 லிட்டர். அவ்வளவும் சிறுநீராக வெளியேறினால் மனிதன் ஒரு நாள் கூடத் தாங்க மாட்டான். வடிந்த நீரில் பெரும்பகுதியையும் அதிலுள்ள உப்பு, சர்க்கரை போன்றவற்றையும் பந்தைத் தொடர்ந்து வரும் நுண்குழல்கள் மீட்டெடுத்து ரத்தத்துக்கே திருப்பி அனுப்புகின்றன. எஞ்சிய ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராகிறது.

குளோமருலஸின் சுவர் மூன்று அடுக்குகளால் ஆனது. உள்ளே நுண்ணிய துளைகள் கொண்ட ரத்தக்குழாய்ச் செல்கள். நடுவே ஒரு மெல்லிய சவ்வு. வெளிப்புறத்தில் போடோசைட் எனப்படும் கால் முளைத்த செல்கள். இந்தக் கட்டுரைக்கு அவையே முதன்மையானவை என்பதால் அவற்றைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். தாமிரபரணிக் கரையில் விளையும் கோரையை நூலைப் போலக் கிழித்து நெய்த பத்தமடைப் பாயை உள்ளங்கையால் தடவிப் பார்த்தவர்களுக்கு, இழைக்கும் இழைக்கும் இடையே விரல் நுனி உணரும் அளவுக்குக் கூட வெளி இல்லாத அந்த நெருக்கம் நினைவிருக்கும். அடுத்தடுத்து நிற்கும் போடோசைட் செல்களும் தம் சின்னஞ்சிறு கால்களை ஒன்றன் இடையில் ஒன்றாகக் கோத்துக்கொண்டு, ரத்தக்குழாயைச் சுற்றி அப்படி ஒரு பின்னலை உண்டாக்குகின்றன. கால்களுக்கு இடையே உள்ள பிளவின் அகலம் ஒரு மில்லிமீட்டரின் லட்சத்தில் சில பங்குதான். அந்தப் பிளவையும் நெஃப்ரின் முதலிய புரதங்களால் ஆன ஒரு நுண்திரை மூடியிருக்கிறது. நீரும் உப்பும் இந்தப் பின்னல் வழியே வடியும். ஆல்புமின் பெரும்பாலும் தடுக்கப்படும்.

பாய்க்கு உறுதி தருவது பாவு நூல். போடோசைட்டின் கால்களுக்கு உறுதி தருவது அவற்றுக்குள் ஓடும் ஆக்டின் என்னும் புரத இழைகள். இழைகள் ஒழுங்காக இருக்கும்வரை கால்கள் நிமிர்ந்து நிற்கும். அவை குலைந்தால் கால்கள் சுருங்கித் தட்டையாகிப் பின்னல் நெகிழும். வயது வந்த மனிதரில் போடோசைட் செல்கள் பிளவுற்றுப் பெருகுவதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். தோல் உரிந்தால் மீண்டும் வளரும். ஒரு போடோசைட் பிடிவிட்டுக் கழன்று சிறுநீரோடு போனால், அந்த இடத்தைப் பெரும்பாலும் பக்கத்துச் செல் தன் உடலைப் பெரிதாக்கித்தான் மூட வேண்டியிருக்கிறது. அதற்கும் ஓர் எல்லை உண்டு.

எரியும் இடத்தில் தெறிக்கும் பொறிகள்

தசைச் செல்லும் கொழுப்புச் செல்லும் இன்சுலின் வந்து கதவைத் தட்டினால்தான் சர்க்கரையை மிகுதியாக உள்ளே விடும். ரத்தக்குழாய்ச் சுவரின் செல்களுக்கும், குளோமருலஸைத் தாங்கி நிற்கும் மீசாஞ்சியல் செல்களுக்கும் அந்த வசதி குறைவு. வெளியே சர்க்கரை கூடினால் உள்ளேயும் கூடிவிடும். சர்க்கரை நோய் எல்லா உறுப்புகளையும் ஒரே அளவில் தாக்காமல் கண், நரம்பு, சிறுநீரகம் ஆகியவற்றை முதலில் தேடிப் பிடிப்பதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம்.

நுண்குழல்களின் நிலைமை வேறு விதமானது. நாளொன்றுக்கு 180 லிட்டர் நீர் வடியும்போது அதனுடன் ஏறத்தாழ 180 கிராம் சர்க்கரையும் வடிகிறது. நலமான உடலில் அவ்வளவையும் நுண்குழலின் முதற்பகுதிச் செல்கள் மீட்டுவிடுகின்றன. அதில் பத்தில் ஒன்பது பங்கை எஸ்ஜிஎல்டி2 என்னும் கடத்தி ஒன்றே மீட்கிறது. ரத்தச் சர்க்கரை இருமடங்கானால் வடியும் சர்க்கரையும் ஏறத்தாழ இருமடங்காகிறது. சர்க்கரையை இழுக்கும் அந்தக் கடத்தி உப்பையும் சேர்த்தே இழுப்பதால், அந்த உப்பை மறுபக்கம் வெளியேற்றச் செல் ஆற்றலைச் செலவிட வேண்டும். ஆற்றலுக்கு ஆக்சிஜன் வேண்டும். இந்தச் செல்களில் மைட்டோகாண்ட்ரியா என்னும் ஆற்றல் உலைகள் நெருக்கமாக நிறைந்திருப்பது இந்த ஓயாத உழைப்புக்காகத்தான்.

மைட்டோகாண்ட்ரியாவில் நடப்பது இதுதான்: உணவிலிருந்து பிரித்தெடுத்த எலக்ட்ரான்கள் ஒரு புரதத்திலிருந்து அடுத்த புரதத்துக்குக் கைமாறி, இறுதியில் ஆக்சிஜனைச் சேர்ந்து தண்ணீராகின்றன. வழியில் ஒன்றிரண்டு எலக்ட்ரான்கள் நழுவி, முறையான இடத்துக்குப் போய்ச் சேரும் முன்பே ஆக்சிஜனைப் பற்றிக்கொள்வதும் உண்டு. அப்படி உண்டாவது சூப்பர் ஆக்சைடு. அடுப்பில் விறகு எரியும்போது தெறிக்கும் பொறி போன்றது. நம் செல்களில் பொறியை அணைக்கும் ஏற்பாடு உண்டு. ஒரு நொதி சூப்பர் ஆக்சைடை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றுகிறது. கேட்டலேஸ், குளூட்டாத்தியோன் பெராக்சிடேஸ் ஆகிய நொதிகள் அதைத் தண்ணீராக்கிவிடுகின்றன. பொறிகள் பிறக்கும் வேகத்துக்கு அணைக்கும் வேகம் ஈடுகொடுக்க முடியாமல் போகும் நிலையைத்தான் ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்கிறோம். சிறிதளவு ஹைட்ரஜன் பெராக்சைடு செல்லுக்குத் தேவையான செய்திமொழியாகவும் பயன்படுகிறது என்பதால், இவற்றை முற்றாக ஒழிப்பது நோக்கமாக இருக்க முடியாது. அளவுதான் இங்கே எல்லாம்.

மிகுதியான சர்க்கரை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் எலக்ட்ரான்களைத் தேவைக்கு மேல் தள்ளுகிறது, அதிலிருந்து பிறக்கும் சூப்பர் ஆக்சைடுதான் சர்க்கரை நோயின் பல்வேறு பாதிப்புகளுக்கும் பொதுவான தொடக்கம் என்ற கருத்தை மைக்கேல் பிரவுன்லீ 2001ஆம் ஆண்டு நேச்சர் இதழில் முன்வைத்தார். அழகான கருத்து, நான் மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் அதை மட்டுமே சொல்லிக்கொடுத்தேன். 2013இல் ஓர் ஆய்வுக் குழு, சர்க்கரை நோய் உள்ள எலிகளின் சிறுநீரகத்தில் சூப்பர் ஆக்சைடு கூடுவதற்கு மாறாகக் குறைந்திருப்பதையும் மைட்டோகாண்ட்ரியாக்களே சோர்ந்து போயிருப்பதையும் காட்டியது. ஆகவே பழியை மைட்டோகாண்ட்ரியாவின் மேல் மட்டும் சுமத்துவதை இன்று பலரும் ஏற்பதில்லை. கவனம் இன்னொரு பக்கமும் திரும்பியிருக்கிறது: என்ஏடிபிஹெச் ஆக்சிடேஸ் என்னும் நொதிக் குடும்பம். மைட்டோகாண்ட்ரியாவில் பொறி தெறிப்பது தற்செயல். இந்த நொதிகளுக்கோ பொறியை உண்டாக்குவதுதான் வேலை. கிருமிகளைக் கொல்ல வெள்ளணுக்கள் இதே குடும்பத்து நொதியைத்தான் பயன்படுத்துகின்றன. இக்குடும்பத்தில் சிறுநீரகத்தில் மிகுதியாக உள்ள நாக்ஸ்4 என்னும் நொதி பெரும்பாலும் ஹைட்ரஜன் பெராக்சைடையே உண்டாக்குகிறது. சர்க்கரை கூடும்போதும், ரத்த அழுத்தத்தை உயர்த்தும் ஆஞ்சியோடென்சின் என்னும் ஹார்மோன் கூடும்போதும் இந்த நொதிகளின் செயல் கூடுகிறது.

இப்படிப் பெருகிய மூலக்கூறுகள் கொழுப்புச் சவ்வையும் மரபணு இழையையும் புரதங்களையும் தாக்குகின்றன. ரத்தக்குழாயைத் தளர்த்தி வைக்கும் நைட்ரிக் ஆக்சைடை விழுங்கிவிடுகின்றன. டிஜிஎஃப் பீட்டா என்னும் சமிக்ஞைப் புரதத்தைத் தூண்டி, மீசாஞ்சியல் செல்கள் தம்மைச் சுற்றி நார்ப்பொருளைக் கொட்டிக்கொண்டே போகும்படி செய்கின்றன. அந்த நார்தான் நாளடைவில் தழும்பாகிச் சிறுநீரகத்தை இறுக்குகிறது.

மடையும் வயலும்

மாமாவுக்கு இந்தப் பகுதியைச் சொல்வது எனக்கு எளிதாக இருந்தது. ஏனென்றால் மடை என்றால் என்னவென்று என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

செல்லுக்கு வெளியே உள்ள திரவத்தில் கால்சியம் அயனிகளின் செறிவு, செல்லின் உள்ளே இருப்பதைப் போல ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு. மறுகால் பாயும் அளவுக்கு நிறைந்த குளத்தின் கரைக்குக் கீழே, ஈரம் மட்டுமே உள்ள வயலை நினைத்துக்கொள்ளுங்கள். கரையில் மடைகள் இருக்கின்றன. மடையை ஒரு கணம் திறந்தால் போதும், வயலுக்குள் நீர் பாய்ந்துவிடும். செல்லும் அப்படித்தான் செய்கிறது. ஒரு செய்தி வந்ததும் சவ்விலுள்ள சில வாய்க்கால்கள் திறக்கின்றன. கால்சியம் உள்ளே பாய்கிறது. அந்தத் திடீர் உயர்வையே செல் கட்டளையாக எடுத்துக்கொண்டு சுருங்கவோ சுரக்கவோ மரபணுவை இயக்கவோ செய்கிறது. வேலை முடிந்ததும் இறைப்பான்கள் கால்சியத்தை வெளியேயும், செல்லுக்குள் இருக்கும் எண்டோபிளாச வலை என்னும் சேமிப்பறைக்கும் இறைத்துவிடுகின்றன. சமிக்ஞை என்பது திறப்பதிலும் இருக்கிறது, மூடுவதிலும் இருக்கிறது. வயலில் நீர் நின்றுகொண்டே இருந்தால் பயிர் அழுகும்.

கால்சியத்துக்கு இந்த ஆற்றல் உண்டு என்பதைச் சிட்னி ரிங்கர் 1883இல் லண்டனில் கண்டார். காய்ச்சி வடித்த நீரில் செய்த உப்புக்கரைசலில் தவளையின் இதயம் சிறிது நேரத்தில் நின்றுவிட்டது. கால்சியம் கலந்திருந்த குழாய்நீரில் செய்த கரைசலிலோ அது நெடுநேரம் துடித்தது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும், ஏனென்றால் இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் யாராவது ஒருவர் அப்படியானால் பால் குடிக்கலாமா, கால்சியம் மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று கேட்கிறார். செல்லுக்குள் பாயும் கால்சியம், நாம் உண்ணும் கால்சியத்தின் அளவைப் பொறுத்து ஏறி இறங்குவதில்லை. ரத்தத்தில் கால்சியத்தின் அளவை உடல் மிகக் குறுகிய எல்லைக்குள் காத்து வருகிறது. இங்கே பழுது குளத்தில் இல்லை, மடையில் இருக்கிறது. சிறுநீரகக் கல்லில் உள்ள கால்சியத்துக்கும் இந்தச் சமிக்ஞைக்கும் நேரடித் தொடர்பு இல்லை.

போடோசைட்டின் மடைகளில் டிஆர்பிசி6 என்பது முக்கியமானது. அதன் முக்கியத்துவம் சர்க்கரை நோயை ஆராய்ந்தவர்களுக்கு முன்பே, பரம்பரைச் சிறுநீரக நோயை ஆராய்ந்தவர்களுக்குத் தெரியவந்தது. நியூசிலாந்தைச் சேர்ந்த ஒரு பெரிய குடும்பத்தில், சர்க்கரை நோய் எதுவும் இல்லாமலேயே பலருக்குச் சிறுநீரில் புரதம் கசிந்து சிறுநீரகம் தழும்பேறிக் கெட்டுவந்தது. டியூக் பல்கலைக்கழகத்தின் மிஷேல் வின் தலைமையிலான குழு, அவர்களுடைய டிஆர்பிசி6 மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பதையும், அதனால் அந்த மடை வழக்கத்துக்கு மேல் கால்சியத்தை உள்ளே விடுவதையும் 2005இல் கண்டறிந்தது. இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் குறையவில்லை. சர்க்கரை இல்லை, நஞ்சு இல்லை, கிருமி இல்லை. ஒரு மடை சற்றே அகலமாகத் திறந்திருந்தது, அவ்வளவுதான், வடிகட்டி கெட்டுவிட்டது.

சர்க்கரை நோயில் அந்த மடையை அகலத் திறப்பவற்றுள் முதன்மையானது ஆஞ்சியோடென்சின். அது போடோசைட்டின் மேலுள்ள ஏற்பியில் அமர்ந்ததும், சேமிப்பறையிலிருந்து கால்சியம் வெளிவருகிறது. டிஆர்பிசி6 வழியாக வெளியிலிருந்தும் பாய்கிறது. உயர்ந்து நிற்கும் கால்சியம், கால்சினியூரின் என்னும் நொதியை எழுப்புகிறது. கால்சினியூரின் ஒருபுறம் ஆக்டின் இழைகளின் ஒழுங்கைக் காக்கும் புரதங்களைச் சிதைவுக்கு ஆளாக்குகிறது; மறுபுறம் செல்லின் கருவுக்குச் செய்தி அனுப்பி, டிஆர்பிசி6 மடைகளையே இன்னும் கூடுதலாகச் செய்ய வைக்கிறது. பாவு நூல் தளர்கிறது, கால்கள் தட்டையாகின்றன, ஆல்புமின் கசிகிறது. கசிந்த ஆல்புமினை மீட்டெடுக்க முயலும் நுண்குழல் செல்களுக்கு அதுவே கூடுதல் சுமையாகி, அவற்றிலும் அழற்சியைத் தூண்டுகிறது.

இரண்டும் கைகோக்கும் இடம்

இதுவரை ஆக்சிஜனேற்றத்தையும் கால்சியத்தையும் தனித்தனியாகச் சொன்னேன். செல்லுக்குள் அவை தனித்தனியாக நடப்பதில்லை.

கால்சியத்தைச் சேமிப்பறைக்குள் திருப்பி இறைக்கும் புரதத்துக்குச் செர்கா என்று பெயர். அதன் உடலில் கந்தகம் கொண்ட சில இடங்கள் உள்ளன. ஆக்சிஜனேற்ற மூலக்கூறுகள் மிகும்போது அந்தக் கந்தகம் தாக்கப்பட்டு இறைப்பான் முடங்குகிறது. சேமிப்பறை வற்றுகிறது, வற்றியதை நிரப்பச் செல்லின் வெளிச்சவ்வில் வேறு வாய்க்கால்கள் திறக்கின்றன, ஏற்கெனவே மிகுந்திருந்த கால்சியம் இன்னும் மிகுகிறது. டிஆர்பிசி6 மடையும் ஹைட்ரஜன் பெராக்சைடால் தூண்டப்படுகிறது. ஆக, ஆக்சிஜனேற்றம் மடையைத் திறக்கவும் செய்கிறது, இறைப்பானை உடைக்கவும் செய்கிறது.

எதிர்த்திசையிலும் இதே கதைதான். என்ஏடிபிஹெச் ஆக்சிடேஸ் குடும்பத்தில் நாக்ஸ்5 என்று ஒன்று உண்டு. அதன் உடலிலேயே கால்சியத்தைப் பிடிக்கும் கைகள் இருக்கின்றன. கால்சியம் வந்து ஒட்டினாலே அது பொறிகளை உண்டாக்கத் தொடங்கிவிடும். சர்க்கரை நோயால் பாதிக்கப்பட்ட மனிதச் சிறுநீரகங்களில் இது மிகுந்திருப்பது காணப்பட்டிருக்கிறது. ஆனால் எலிகளின் மரபணுத் தொகுதியில் நாக்ஸ்5 இல்லவே இல்லை. உலகின் பெரும்பாலான சிறுநீரக ஆய்வுகள் எலிகளில்தான் நடந்தன என்பதை எண்ணிப் பார்த்தால், இந்த இணைப்பு ஏன் இவ்வளவு காலம் கண்ணில் படவில்லை என்பது விளங்கும். எலியில் பயன் தந்த மருந்து மனிதனில் பயன் தராமல் போவதற்கும், எலியில் புலப்படாத கேடு மனிதனில் நடப்பதற்கும் இப்படிப்பட்ட வேறுபாடுகள் காரணமாகலாம் என்பதால், செய்தித்தாளில் வரும் எலி ஆய்வுகளைப் படிக்கும்போது நாம் பொறுமை காப்பது நல்லது.

மைட்டோகாண்ட்ரியாவும் கால்சியத்தை உறிஞ்சும். சிறிதளவு கால்சியம் அதற்கு ஊக்கம். ஆற்றல் உற்பத்தியை முடுக்கிவிடும். அளவு மீறும்போது எலக்ட்ரான் ஓட்டம் தடுமாறி மேலும் பொறிகள் தெறிக்கும். கால்சிய மிகுதியும் ஆக்சிஜனேற்ற மிகுதியும் ஒருசேர எல்லை மீறினால், மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வில் ஒரு பெருந்துளை திறந்துகொள்கிறது. அது ஊதி வெடிக்கிறது. உள்ளிருந்த சைட்டோகுரோம் சி என்னும் புரதம் வெளியே கசிகிறது. அந்தக் கசிவைச் செல் தன் மரணத்துக்கான ஆணையாகப் படித்து, காஸ்பேஸ் என்னும் வெட்டும் நொதிகளை அவிழ்த்துவிட்டுத் தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது. தட்டையான கால்கள் மீண்டும் நிமிரக்கூடும்; இந்தக் கட்டத்தைத் தாண்டிய செல் திரும்புவதில்லை.

பொறியை அணைப்பதா, மடையை அடைப்பதா?

ஆக்சிஜனேற்றம்தான் கேடு என்றால் ஆக்சிஜனேற்றத் தடுப்பு மாத்திரை விழுங்கினால் போதுமே என்பது இயல்பாக எழும் எண்ணம். வண்ணார்பேட்டையிலும் பாளையங்கோட்டையிலும் எந்த மருந்துக் கடையில் நின்றாலும் அந்தச் சொல் அச்சிட்ட டப்பாக்கள் கண்ணில் படும். வைட்டமின்களையும் இத்தகைய மருந்துகளையும் மனிதர்களில் கவனமாகச் சோதித்த ஆய்வுகள் சில, வருத்தம் தரும் முடிவுகளையே தந்திருக்கின்றன. சர்க்கரை நோயால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களுக்கு, ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் என்னும் பொருளைக் குறைக்கும் நோக்கில், ஃபோலிக் அமிலம், பி6, பி12 ஆகிய வைட்டமின்களை மிக உயர்ந்த அளவில் கொடுத்துப் பார்த்த கனடா நாட்டு ஆய்வு 2010இல் வெளியானது. வைட்டமின் எடுத்தவர்களின் சிறுநீரகம், வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட வேகமாகக் கெட்டது. செல்லின் சொந்தத் தடுப்பு அமைப்பையே முடுக்கிவிடும் பார்டாக்சலோன் என்ற மருந்தின் பெரிய சோதனை, இதயச் செயலிழப்பு கூடியதால் 2012இல் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. பொறிகள் எந்த அறையில், எந்த நேரத்தில் பிறக்கின்றன என்பதைப் பொருட்படுத்தாமல் வீடெங்கும் தண்ணீர் ஊற்றினால் இப்படித்தான் முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அமுலோடிபின் போன்ற கால்சிய வாய்க்கால் தடுப்பு மாத்திரைகள் ரத்த அழுத்தத்துக்குப் பரவலாகத் தரப்படுகின்றனவே, அவை இந்த மடையை அடைக்காதா என்றும் கேட்கலாம். அவை ரத்தக்குழாய்த் தசையில் உள்ள வேறு வகை வாய்க்காலைத்தான் அடைக்கின்றன. 2001இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், அமுலோடிபினும் இர்பிசார்ட்டானும் ஏறத்தாழ ஒரே அளவில் ரத்த அழுத்தத்தைக் குறைத்தன. சிறுநீரகத்தைக் காத்தது இர்பிசார்ட்டான்தான். அது ஆஞ்சியோடென்சினின் ஏற்பியில் தானே போய் அமர்ந்து இடத்தை மறித்துக்கொள்ளும் மருந்து. லோசார்ட்டானும் அதே வகை. மடையைத் திறக்கும் கையையும் பொறியை உண்டாக்கும் நொதிக்கான தூண்டலையும் ஒரே இடத்தில் தடுப்பதால், இரண்டு கேடுகளுக்கும் முந்திய புள்ளியில் அவை வேலை செய்கின்றன. குளோமருலஸுக்குள் அழுத்தத்தைக் குறைப்பதும் அவற்றின் பயன்களுள் ஒன்று.

நுண்குழலின் சுமையைக் குறைப்பவை எஸ்ஜிஎல்டி2 தடுப்பு மருந்துகள். சர்க்கரையை மீட்கும் கடத்தியை அவை மறிப்பதால், மிகுதிச் சர்க்கரை சிறுநீரோடு போய்விடுகிறது. உப்பை இறைக்கும் வேலையும் அதற்கான ஆக்சிஜன் செலவும் குறைகின்றன. குளோமருலஸின் அழுத்தமும் தணிகிறது. கனாகிளிஃப்ளோசினைக் கொண்டு நடந்து 2019இல் வெளியான ஆய்வில், சிறுநீரகச் செயலிழப்பு முதலிய பெரும் பாதிப்புகளின் வாய்ப்பு 30 விழுக்காடு குறைந்தது. டாபாகிளிஃப்ளோசினின் காப்புரிமை 2020 அக்டோபரில் இந்தியாவில் முடிவடைந்தபின் பல நிறுவனங்கள் அதைத் தயாரிப்பதால், அது இன்று நம் ஊர்க்காரர்களுக்கும் எட்டும் விலையில் கிடைக்கிறது. இவற்றில் எது யாருக்கு, எந்த அளவில் என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். பொட்டாசியம், கிரியாட்டினின் அளவுகளைப் பார்த்தே தர வேண்டிய மருந்துகள் இவற்றுள் உண்டு. எல்லாவற்றுக்கும் முன்பாக நிற்பது ரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதுதான். கருப்பட்டி சீனியில் சேராது என்ற நம்பிக்கை நம் பக்கத்தில் வேரோடியிருப்பதால் அழுத்திச் சொல்கிறேன்: கருப்பட்டியில் பெரும்பகுதி சீனியில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான், செல்லுக்குள் போனபின் இரண்டுக்கும் வேறுபாடு கிடையாது.

2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுப்படி, தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் 14.4 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. அவர்களில் பலர் கிரியாட்டினினை மட்டுமே பார்த்துவிட்டு, கிட்னி நன்றாக இருக்கிறது என்று நிம்மதியடைகிறார்கள். கிரியாட்டினின் தாமதமாகவே உயரும். வடிப்புத் திறனில் பாதியளவு போன பிறகும் அது இயல்பு எல்லையை ஒட்டியே இருக்கக்கூடும். போடோசைட்டின் பின்னல் நெகிழத் தொடங்குவதைக் காட்டுவது சிறுநீரில் ஆல்புமினுக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதம். பரிசோதனை நிலையங்களில் இதை மைக்ரோ ஆல்புமின் என்றும் சொல்வார்கள். ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குக் குறைவாக ஆல்புமின் இருந்தால் இயல்பு. 30 முதல் 300 வரை மிதமான கசிவு. அதற்கு மேல் கடும் கசிவு. பட்டையை நனைத்து நிறம் பார்க்கும் சாதாரணச் சோதனை தொடக்கக் கசிவைத் தவறவிட்டுவிடும். இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் உள்ளவர்கள் நோய் தெரியவந்த நாளிலிருந்தே ஆண்டுதோறும் இந்த விகிதத்தைப் பார்க்க வேண்டும்.

மாமாவின் அறிக்கையில் இருந்த எண் 86. வயலில் கடும் வேலை செய்த நாளிலும், காய்ச்சல் இருக்கும்போதும், சிறுநீர்த் தொற்று இருக்கும்போதும் ஆல்புமின் தற்காலிகமாகக் கூடலாம் என்பதால், ஒரே சோதனையை வைத்து முடிவு கட்டுவதில்லை. மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் எடுக்கும் மூன்று மாதிரிகளில் இரண்டிலாவது அளவு கூடியிருக்க வேண்டும். நடவு வேலை முடிந்த கையோடு கொடுத்த மாதிரி அது என்பதையும் மருத்துவரிடம் சொன்னோம். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட மாமா, "மடப் பலகை உளுத்துப்போச்சா, இல்ல தண்ணி வரத்து சாஸ்தியா, அதத்தான பாக்கணும்?" என்றார். "ரெண்டையும்தான் பாக்கணும் மாமா" என்றேன். அடுத்த மாதிரியைப் பிசான அறுப்பு தொடங்குவதற்கு முன், வயலில் வேலை இல்லாத ஒரு வாரத்தில் கொடுப்பதாக நாள் குறித்திருக்கிறோம்.